வெல்டிங் ஷெட்டுல என் ஓரகத்தி

என் கொழுந்தனுக்குக் கல்யாணம் பேசறப்பவே, "பொண்ணுக்கு வெல்டிங் தெரியும்"னு சொன்னாங்க. ஏதோ பாட்டுப் பாடத் தெரியும்ங்கற மாதிரி. அவ அப்பா கேட், கிரில் செய்யற கடை வச்சிருந்தாரு, அங்கயே கத்துக்கிட்டா. எங்க வீட்டு மாடிக்குக் குடி வந்தவ சும்மா இருந்தாளா? பட்டாளத்து வண்டிங்களை ரிப்பேர் பண்ற ஷெட்டுல சேர்ந்துட்டா. என் வீட்டுக்காரர் வெல்டரா இருக்கற அதே ஷெட்.

அவ கையில சூடு பட்டு வந்தா, மாமியார் ஓடிப்போய் மருந்து தடவுவாங்க. நான் அடுப்புல சுட்டுக்கிட்டா, "கண்ணு எங்க போச்சு?"ன்னு கேப்பாங்க.

தன்னைத்தானே மெச்சிக்கறதுல அவளை அடிச்சுக்க ஆளில்ல. "அக்கா, நான் போட்ட ஜாயிண்ட்டை யானை இழுத்தாலும் பிரியாது."

"உன் வாயை இழுத்து மூடத்தான் யானை வேணும்."

அதுக்கும் சிரிப்பா. அதான் எனக்குப் பத்திக்கிட்டு வரும்.

மழைக்காலத்துல ஒரு வண்டிக்கு, இழுக்கற கொக்கியை அவசரமா வெல்ட் பண்ணணும். அதுக்கான வெல்டிங் ராடுங்களைச் சூட்டுப் பெட்டியில வச்சிருக்கணுமாம். வெளிய கிடந்தா ஈரம் குடிச்சிடும். அந்த ராடுல வெல்ட் பண்ணா அன்னிக்கு நல்லாத்தான் தெரியும், அப்புறமா உள்ளுக்குள்ள விரிசல் விடும். பெட்டி ரிப்பேர். அவ முடியாதுன்னுட்டா. சூப்பர்வைசர் என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டாரு. இவருக்கும் அவ மேல வயித்தெரிச்சல். "மகாராணி ஈரம் பாக்கறாங்களாம்"னு மடமடன்னு முடிச்சிட்டு வந்து சொன்னாரு. எனக்கு அன்னிக்குச் சோறு ரெண்டு பிடி கூடவே இறங்கிச்சு.

வண்டியை இழுத்துப் பாத்தப்ப கொக்கி பிச்சுக்கிட்டு வந்துடுச்சு. நல்லவேளை, யாருக்கும் அடியில்ல. "நான் எங்க சொன்னேன்?"னு சூப்பர்வைசர் கை கழுவிட்டாரு. மேலிடத்துல இருந்து ஆளுங்க வந்து, எல்லாருக்கும் மறுபடி டெஸ்ட், தேறாதவங்க வெல்டிங் ஹோல்டரையே தொடக் கூடாதுன்னுட்டாங்க. ரெண்டு தகட்டை ஒட்டிக் குடுக்கணும். அதுல ஒரு பட்டை வெட்டி மிஷின்ல வச்சு வளைப்பாங்க. விரிசல் விட்டா போச்சு.

அவ கீழ இறங்கி வந்தா. "மாமா, முதல் லேயர்ல அவசரப்படறீங்க. சாயங்காலம் வாங்க, கூட நின்னு பாக்கறேன்."

இவர் வாயைத் திறக்கறதுக்குள்ள நான் முந்திக்கிட்டேன். "நீ பாவாடை கட்டினப்பவே வெல்டிங் பிடிச்சவரும்மா. உன்கிட்ட டியூஷனா?"

டெஸ்ட்ல அவளது வளைஞ்சு நின்னுச்சு, ஒரு கீறல் இல்ல. இவரது பாதி வளையறப்பவே பொளந்துடுச்சு. இப்ப அவ வெல்ட் பண்றா, இவர் பக்கத்துல நின்னு அதைத் தேய்ச்சு வழவழப்பாக்கற கிரைண்டிங் மிஷின் பிடிக்கறாரு.

மனுஷன் நொந்து நூலாகிடுவாருன்னு பயந்தேன். போன வாரம் சாப்பிட உக்காந்தவர் சொல்றாரு: "அவ போடற ஜாயிண்ட்ல தேய்க்க ஒண்ணுமே இல்லடி. பாத்துக்கிட்டே இருக்கலாம்."

"இத்தனை வருஷமா உங்க அழுக்குச் சட்டையை வெளுக்கறேனே, என்னிக்காவது பாத்துக்கிட்டே இருந்தீங்களா?"

பேச்சை மாத்தினாரு: "அடுத்த டெஸ்டுக்கு என்னைப் பழக்கறேன்னிருக்கா."

"போய்ப் பழகுங்க. தேறிட்டு வாங்க. ஆனா சோறு திங்கறப்ப அவ புராணம் பாடினா, தட்டோட மாடிக்கே போயிடுங்க."

தலையாட்டினாரு. மறுநாள் ஷெட்டுல அவகிட்டப் பழகிட்டு லேட்டா வந்தாரு. நான் சொன்னபடியே, சாப்பிடறப்ப அவ பேரை எடுக்கலை. மூஞ்சி மட்டும் அப்படி ஒரு சந்தோஷமா இருந்துச்சு.