ஒப்புக்கொடுத்த தலைநோவு

மண்ணெண்ணெய் கிடைக்காமல் எங்கள் வங்காலைக் கரையில் வள்ளங்கள் எல்லாம் மணலில் ஏறிக் கிடந்த வருடம் உங்களுக்கும் நினைவிருக்கும். பெற்றோல் செட் வாசலில் சனம் பாய் விரித்துப் படுத்த வருடம். அந்த வருடத்துத் தவக்காலத்தில்தான் இது நடந்தது. எனக்கு எழுத வராது. நான் சொல்லச் சொல்ல மகள் எழுதுகிறாள். நான் எதையும் சுற்றி வளைத்துத்தான் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தொழில் இல்லாததால் நான் பகல் முழுக்க வீட்டில் இருந்தேன். கலியாணம் கட்டின நாள் தொட்டு, விடிய முன்னம் கடலுக்குப் போய் வெயில் ஏற வந்து படுக்கிறவன் நான். என் மனைவி சீப்பால் தலை இழுப்பதை உட்கார்ந்து பார்த்ததே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. அவளுக்கு நல்ல முடி. சண்டைக் காலத்தில் நாங்கள் வள்ளத்தில் அக்கரைக்குப் போய் மண்டபம் முகாமில் இருந்தபோது, குடிக்கிற தண்ணீருக்கே வரிசை. முடியை வெட்டிவிடு என்று மற்றப் பெண்கள் சொன்னார்கள். அவள் கேட்கவில்லை. கடல் தண்ணீரில் அலசி, கடைசியில் ஒரு செம்பு நல்ல தண்ணீர் ஊற்றி, அந்த முடியை அப்படியே ஊருக்குத் திருப்பிக் கொண்டுவந்து சேர்த்தவள். அது வேறு கதை.

அன்றைக்கு அவள் சீப்பை முடியில் வைத்து, இழுக்காமல் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள்.

"என்ன, சிக்கிப் போச்சோ?"

"இல்லை. தலைத்தோல் நோகுது. முடியைத் தொட்டாலே நோகுது."

"பனடோல் குளிசை ஒண்டு போடன்."

"வேண்டாம். அது தன்ர பாட்டில போகும்."

போகவில்லை. தலையணையில் ஒரு பக்கமாகத் தலை வைக்க முடியாமல் மறுபக்கம் திரும்பிப் படுத்தாள். வெயில் சூடு என்று நினைத்து நல்லெண்ணெய் வைக்கப் பார்த்தேன். விரல் பட்டதும் தலையை இழுத்துக்கொண்டாள். பக்கத்து வளவில் இருக்கும் என் தங்கச்சி வேலிக்கு அந்தப் பக்கம் நின்று சிரித்தாள்.

"பேன் மச்சாள், பேன்! அண்ணர் சும்மாதானே இருக்கிறார். நண்டு வலையில சிக்கெடுக்கிற கைக்குப் பேன் எடுக்கத் தெரியாதோ?"

"பகிடி விடாமல் போடி," என்றாள் என் மனைவி. என்றாலும் முற்றத்தில் எனக்கு முன்னால் வந்து குந்தினாள். நான் முடியைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தேன். பேனும் இல்லை, புண்ணும் இல்லை. ஆனால் வலது நெற்றிப்பொட்டில் என் விரலுக்கு ஒன்று தட்டுப்பட்டது. தோலுக்குக் கீழே ஒரு நரம்பு, தூண்டில் கட்டுகிற தடித்த தங்கூசி நூல் மாதிரி, விறைத்துக்கொண்டு நின்றது. அதைத் தொட்டபோது அவள் "அம்மா" என்று கத்திவிட்டாள். கொண்டையை இறுக்கிப் போட்டதால் வீங்கியிருக்கும் என்று சொல்லிக் கொண்டையை அவிழ்த்துவிட்டேன். அவ்வளவுதான் எனக்குத் தெரிந்த வைத்தியம்.

தவக்காலம் என்றால் எங்கள் ஊரில் ஆளுக்கொரு ஒறுத்தல் இருக்கும். ஒருவர் இறைச்சியை விடுவார், ஒருவர் சுருட்டை விடுவார், தேத்தண்ணீருக்குச் சீனி போடாதவர்களும் இருக்கிறார்கள். என் மனைவி சோற்றை விட்டுவிட்டுக் கஞ்சி குடிக்கத் தொடங்கினாள். அவளுக்கு உயிரான கணவாய்க்கறியைத் தங்கச்சி கொண்டுவந்து கொடுத்தபோதுகூட, இரண்டு துண்டைச் சப்பிவிட்டுக் கோப்பையைத் தள்ளி வைத்தாள். அதுதான் அவளுடைய ஒறுத்தல் என்று நினைத்தேன். மெலிந்துகொண்டு வந்தாள். நல்ல தவம் என்று உள்ளுக்குள் பெருமைப்பட்டேன்.

குருத்து ஞாயிறன்று கோயிலில் அவள் மொட்டாக்குப் போடவில்லை. சேலைத் தலைப்பைத் தலைக்கு மேல் எடுப்பதும், உடனே தோளில் சரிய விடுவதுமாக நின்றாள். பின் வரிசை வாங்கில் இருந்த ஒரு கிழவி, "என்ன பிள்ளை, இப்ப பெரிய இடத்து ஆக்களாகியிட்டியளோ, மொட்டாக்கும் இல்லாமல்?" என்று எல்லாருக்கும் கேட்கத்தான் சொன்னாள். என் மனைவி தலைப்பை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டாள். பூசை முடியும்வரை அவள் கண்ணில் நீர் ஓடியது. பக்தி என்று நினைத்தேன்.

பெரிய வெள்ளியன்று சிலுவை முத்தி செய்ய வரிசையில் போனோம். அவள் எனக்கு முன்னால் நின்றாள். குனிந்து ஆண்டவருடைய பாதத்தை முத்தி செய்யப் போனவள், பாதத்துக்குப் பக்கத்தில் வெறும் மரத்தில் வாயை வைத்தாள். பிறகு கையால் தடவிப் பாதத்தைத் தேடினாள். பின்னால் நின்றவர்கள் தள்ளினார்கள். நான் அவளுடைய தோளைப் பிடித்தேன்.

"இஞ்சாருங்கோ, வலப்பக்கம் ஒண்டும் தெரியேல்லை," என்றாள் மெதுவாக. "கண்ணுக்கு முன்னால ஆரோ பாயை இறக்கிவிட்ட மாதிரிக் கிடக்கு. முந்தியும் ரெண்டொரு தரம் இறங்கினது. பிறகு விட்டது. இண்டைக்கு விடுதில்லை."

மன்னார் ஆஸ்பத்திரிக்குப் போக வாகனம் தேடினோம். ஒருவரிடமும் பெற்றோல் இல்லை. கடைசியில் எருக்கலம்பிட்டிப் பக்கத்து முஸ்லிம் தம்பி ஒருவர், உறவுக்காரரைப் பார்க்க ஓட்டோவில் வந்திருந்தவர், திரும்பிப் போக வைத்திருந்த எண்ணெயில் எங்களை ஏற்றினார். "பெரியம்மாவை மெதுவா ஏத்துங்கோ" என்று மட்டும் சொல்லி ஓட்டோவை எடுத்தார். இறங்கிய பிறகு அவர் எப்படி வீட்டுக்குப் போனாரோ தெரியாது.

ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன வயது டொக்டர் பிள்ளை. அவள் என் மனைவியின் கண்ணைப் பார்த்தாள். பிறகு நெற்றிப்பொட்டில் விரலை வைத்தாள், நான் வைத்த அதே இடத்தில். அவளுடைய முகம் மாறியது.

"அம்மா, தலை இழுக்கேக்க நோகுதா?"

"ஓம்."

"சாப்பாடு சப்பேக்க தாடை நோகுதா?"

நான் முந்திக்கொண்டு, "அது டொக்டர், தவக்காலம். அவ ஒறுத்தலுக்குக் கஞ்சி குடிக்கிறா," என்றேன்.

என் மனைவி என் பக்கம் திரும்பாமல் சொன்னாள்: "இல்லை டொக்டர். சப்பேலாது. ரெண்டு வாய் சப்ப தாடை விண் விண் எண்டு நோகும். அதாலதான் கஞ்சி."

டொக்டர் பிள்ளை ஊசி மருந்துக்கு ஆளை ஓட விட்டுவிட்டு, எனக்கு விளங்குகிற மாதிரிச் சொன்னாள்.

"ஐயா, தலைத்தோல் நோகக் கனக்கக் காரணம் இருக்கு. கொண்டையை இறுக்கினாலும் நோகும், முடிக்கு மை பூசினாலும் நோகும், பேன், புண், அக்கி, வெயில் எண்டு எத்தினையோ. கூடுதலானது பயமில்லாதது. ஆனா வயசான ஆக்களுக்கு இப்பிடி ஒண்டு வரும். தலைக்குப் போற ரத்தக் குழாய் அழன்று வீங்கிறது. கண்ணுக்குப் போற ரத்தத்தையும் அது மறிச்சுப் போடும். போன கண் வராது. மற்றதைக் காப்பாத்தத்தான் இப்ப பாக்கிறம்."

"தாடையும் நோகுதெண்டு ஏன் எனக்குச் சொல்லேல்லை?" என்று நான் மனைவியிடம் கேட்டேன். கோபமாகத்தான் கேட்டேன்.

"சொன்னால் மருந்து தருவியள். மருந்து போட்டால் பிறகென்ன ஒப்புக்குடுத்தல்?"

அப்போதுதான் முழுக்கத் தெரிந்தது. எங்கள் மகளுக்கு இரண்டு தரம் வயிற்றில் தங்கவில்லை. மூன்றாவது அப்போது வயிற்றில் இருந்தது. இந்தத் தவக்காலத்தில் என்ன நோவு வந்தாலும் மருந்து தொடமாட்டேன், அந்த நோவைப் பிள்ளைக்காக ஒப்புக்கொடுக்கிறேன் என்று சாம்பல் புதனன்றே என் மனைவி நேர்ந்திருக்கிறாள். ஆண்டவருக்கு முள்முடி வைத்த இடத்தில்தானே எனக்கும் நோகிறது என்று சந்தோஷப்பட்டாளாம்.

இந்த இடத்தில் மகள் பேனையை வைத்துவிட்டு எழும்பிப் போனாள். அவளுக்கும் இது தெரியும்தான். என்றாலும் தன் கையால் எழுதுவது வேறு. கொஞ்சம் பொறுத்துத்தான் திரும்பி வந்தாள்.

எனக்கு ஆறாத ஒன்றைச் சொல்கிறேன். ஊசி போட்ட அடுத்த நாளே நோவு போய்விட்டது. அத்தனை நாளும் முடியைத் தொட விடாதவள், ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்து தன் தலையைத் தானே தடவிப் பார்த்தாள். "நோகேல்லை," என்றாள், நம்ப முடியாதவள் மாதிரி. சீப்பைக் கேட்டாள். நான்தான் இழுத்துவிட்டேன். வாழ்க்கையில் முதல் தரம். அவ்வளவு சுலபமாகத் தீர்கிற நோவாக இருந்திருக்கிறது அது.

ஆனால் இடது கண்ணும் அந்தக் கிழமையே மங்கிப்போனது. மருந்து பிடிக்க முன்னம் அது தன் வேலையைச் செய்துவிட்டது. இப்போது அவளுக்கு வெளிச்சம் தெரியும், ஆள் நடமாட்டம் தெரியும். முகம் தெரியாது. குளிசையை ஒரு நாளும் விடக்கூடாது என்றார்கள், விடாமல் போடுகிறாள்.

பிள்ளை சுகமாகப் பிறந்தது. ஆண் பிள்ளை. மடியில் வைத்ததும் அவள் விரலால் நெற்றி, மூக்கு, வாய் என்று தடவினாள்.

"ஆரை மாதிரி?"

"உன்னை மாதிரித்தான்," என்றேன்.

"பொய். இது உங்கட சப்பை மூக்கு. கையில தெரியுது," என்று சிரித்தாள். எல்லாரும் சிரித்தார்கள்.

எல்லாரும் போன பிறகு, பிள்ளையை அணைத்தபடியே என்னைக் கூப்பிட்டாள். "இஞ்சாருங்கோ, ஒப்புக்குடுத்ததைத் திருப்பிக் கேட்டால் பாவமோ?"

"எதை?"

"முழுக்க வேண்டாம். இவன்ர முகத்தை ஒருக்காப் பாக்கிற அளவுக்கு."

அதைக் கொண்டுபோய் எங்கள் பங்குச் சுவாமியிடம் கேட்டேன். அவர், "அவவுக்கு நான் என்ன சொல்ல, ஐயா?" என்று என்னையே கேட்டார்.

அந்தப் பிள்ளை இப்போது ஓடித் திரிகிறான். அவன் சிரிக்கிறபோதெல்லாம் எனக்குச் சந்தோஷமும் துக்கமும் ஒன்றாகவே வருகிறது. அவளுடைய நேர்த்திக்கடனை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் ஐம்பது அறுபது தாண்டிய யாராவது, புதிதாகத் தலை நோகிறது, சீப்பு வைக்க முடியவில்லை, சப்பத் தாடை நோகிறது, கண் மறைத்து மறைத்து வருகிறது என்றால், அதில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். நோவை மூடி வைக்கிறவர்கள் தாங்களாக இதைத் தேடி வாசிக்கமாட்டார்கள், ஆகையால் வாசித்த நீங்கள்தான் இதை அவர்களுடைய காதில் போட்டுவிட வேண்டும்.