என் பெயரில் வந்த ஸ்கூட்டர்

இன்று காலை அம்பத்தூர் சிக்னலில் ஒருவர் பழைய மோட்டார் சைக்கிளை உதைத்துக்கொண்டிருந்தார். ஐந்தாவது உதையில் நீலப் புகையோடு கிளம்பியது. ஆவடி குவார்ட்டர்ஸ் வாசலில் அப்பா உதைத்த வண்டிக்கும் இதே எண்ணெய்ப் புகை வாசனைதான்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அப்பாவுக்கு முழங்கால் போய்விட்டது. கிக்கரை உதைக்க முடியவில்லை. பதினான்கு வருடம் ஞாயிறுதோறும் துடைத்த மோட்டார் சைக்கிளை விற்றுவிட்டு, பட்டனை அழுத்தினால் கிளம்பும் ஸ்கூட்டரை வாங்கி வந்தார்.

எதிர்வீட்டு மாணிக்கம் மாமா விடவில்லை. "இன்னா அண்ணாத்தே, லேடீஸ் வண்டில வந்துகினு கீற?"

"எனக்கில்லப்பா, பொண்ணுக்கு. அடுத்த வருஷம் காலேஜ் போவுதில்ல?" என்றார் அப்பா. முழங்காலைப் பற்றி மூச்சுவிடவில்லை.

நான் நம்பினேன். கல்லூரி திறக்கும்வரை டைரியில் ஒவ்வொரு நாளாக அடித்துக்கொண்டே வந்தேன். முதல் நாள் காலையில் சாவியைக் கேட்டேன்.

"பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு வண்டி? பஸ்ல போ."

மூன்று வருடமும் பஸ்ஸில் நின்றுகொண்டுதான் போனேன். சில நாள் அப்பா அந்த ஸ்கூட்டரில் எங்கள் பஸ்ஸை முந்திப் போவார். ஓய்வு பெறும்வரை, யார் கேட்டாலும் அது மகள் வண்டி என்றே சொன்னார்.