இன்னும் ஆழம் காணாது

டவுன்டவுன் ரெஸ்டோரன்ட் ஒன்றில் நான் கோப்பை கழுவிய காலத்தில், பக்கத்தில் நின்று உருளைக்கிழங்கு உரித்தவர் ஓர் எண்ணெய்க் கிணற்றின் பங்குக்காரர். எட்டாம் வகுப்பிலிருந்து துரத்தப்பட்ட எனக்கு, எண்ணெய் முதலாளியோடு வேலை செய்வதே பெரிய பட்டம்.

ஒல்லியான மனிதர். முழங்கை வரை கிழங்குச் சேறு. அல்பேர்ட்டா மாகாணத்தில் எண்ணெய்க்குத் துளை போடும் ஒரு சின்னக் கொம்பனி, ஹோட்டலில் சாப்பாடு போட்டுப் பங்கு விற்றபோது, ஆளுக்கொரு சின்னப் போத்தலில் கச்சா எண்ணெயும் கொடுத்ததாம். வேலை தொடங்குமுன் அதைத் திறந்து ஒருதரம் மணந்து பார்ப்பார். மகளின் கலியாணத்துக்குச் சேர்த்த காசு முழுவதும் அந்தக் கிணற்றில்தான் கிடந்தது.

ஒருநாள் மத்தியானம் கொம்பனியிலிருந்து ஃபோன் வந்தது. துளையில் எண்ணெய் இல்லையாம். இரண்டாவது துளைக்குக் காசு கேட்டார்கள்.

"விடுங்கோ அண்ணை, இருக்கிற வீடாவது மிஞ்சும்," என்றேன்.

"விசர்க் கதை கதையாதை. யாழ்ப்பாணத்திலை தோண்டித் தண்ணி வராத கிணறு கண்டனியோ? ஆழம் காணாது, இன்னும் தோண்டவேணும், அவ்வளவுதான்."

"அது தண்ணியண்ணை. இது எண்ணெயெல்லோ?"

"ரெண்டும் நிலத்துக்குக் கீழைதானே இருக்கு? நீயும் ஒரு பங்கு போடன்."

பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் இருந்த தன் வீட்டை விற்றுக் கொடுத்தார். இரண்டாவது துளையும் வெறும் துளைதான். கலியாணம் நின்றது. மகள் அவரோடு கதைப்பதையும் நிறுத்திவிட்டாள்.

ஊரே அவரை மடையன் என்றது. நானும் சேர்ந்து சிரித்தேன். ஆனால் அன்றைக்கு என் பொக்கெற்றில் பஸ் காசுக்கு மேல் இருந்திருந்தால், அவரிடம் கொடுத்திருப்பேன். அவர் சொன்னது அவ்வளவு சரியாகப் பட்டது. எங்கே பிழை என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை.