மாவு மில்லை வடிகட்டிய மதலைமுத்து

பைபிளில் எக்காளம் ஊதி எரிக்கோ மதில் இடிந்து விழுந்த அன்று மதலைமுத்து மட்டும் ஒரு மைக்கோடு அங்கே நின்றிருந்தால், இடிந்த சத்தத்தையெல்லாம் வழித்தெடுத்துவிட்டு எக்காளத்தை மட்டும் தனியாகக் கேசட்டில் போட்டுக் கொடுத்திருப்பார். நோவாவின் பேழைக்குள் இருந்திருந்தால் மழையைக் கழித்துவிட்டு, எந்தப் புறா எந்தப் புறாவிடம் என்ன முணுமுணுத்தது என்று சொல்லியிருப்பார். லிங்கராஜபுரத்தில் அவருக்கு இணை கிடையாது. அந்தத் தொழிலைச் செய்கிற இன்னொருவர் அங்கே கிடையாது என்பதும் அதற்கு ஒரு காரணம்.

கல்யாணத்துக்கு முன்பிருந்தே அவர் டெலிபோன் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் கம்பிச்சுருள் சுற்றிக்கொண்டிருந்தார். விருப்ப ஓய்வு வந்தபோது கூட வெளியே வந்தவர்கள் ஆட்டோ வாங்கினார்கள், சீட்டு நடத்தினார்கள். மதலைமுத்து கம்ப்யூட்டர் வாங்கி, முன்னறையில் மாதா படத்துக்குக் கீழே வைத்தார். அவென்யூ ரோட்டுப் பழைய புத்தகக் கடையிலிருந்து குண்டான இன்ஜினியரிங் புத்தகம் ஒன்று வந்தது. கணக்கு வந்த பக்கங்களைத் தாண்டிவிட்டுப் படங்களை மட்டும் படித்தார். "கணக்கைக் கம்ப்யூட்டர் போட்டுக்கும். எனக்குக் காது இருக்கு" என்பார்.

அந்தக் காதுக்குச் சத்தங்கள் எல்லாம் தனித்தனி ஆட்கள். டியூப்லைட் ரீங்காரம் எப்போதும் ஒரே சுருதியில் நிற்கும். அந்தச் சுருதியில் மட்டும் ஊசி இறங்குகிற அளவுக்கு ஒரு வெட்டுப் போட்டால் ஒழிந்தது. ரயிலும் லாரியும் அடிவயிற்றிலிருந்து உறுமும். அவற்றை மொத்தமாக அடியோடு அறுக்க வேறொரு வடிகட்டி. இதிலெல்லாம் அடங்காத இரைச்சலுக்கு அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. பாட்டோ பிரசங்கமோ, தொடங்குவதற்கு முன்னால் கையைத் தூக்குவார். யாரும் மூச்சுக்கூட விடக்கூடாது. அந்த வெற்று நேரத்தில் பதிவாகிற சத்தத்தைக் கம்ப்யூட்டருக்குக் காட்டி, "இதுதான் திருடன். எங்க பார்த்தாலும் புடிச்சு வெளிய தள்ளு" என்பார். அதுவும் தள்ளிவிடும். ஆனேக்கல் நாடகக்காரர் கிருஷ்ணப்பா தன் கேசட்டைக் கேட்டுவிட்டு எழுந்து நின்றேவிட்டார். "ஏன் குரு, ஜெனரேட்டர் எங்க போச்சு? என் குரல் எனக்கே இவ்ளோ சென்னாகி, இவ்ளோ நல்லா கேட்டதில்ல!"

வீட்டிலேயே ஒரு குரல் இருந்தது. மனைவி ஜோசஃபின் தையல் கம்பெனியில் காலர் தைப்பவர். மாதா கோவில் கொயரில், அதாவது பாட்டுக் குழுவில், வருடக்கணக்காகக் கடைசி வரிசை. குரல் நல்ல குரல்தான். ஆனால் தொடக்கம் வராது. புறப்பட்ட பஸ்ஸை ஓடிப்போய்ப் பிடிப்பதுபோல இரண்டாவது அடியில்தான் சுருதியை எட்டிப் பிடிப்பார். அந்த வருடம் கிறிஸ்துமஸ் கேசட்டில் குழந்தை இயேசுவுக்கான தாலாட்டை முதல்முறையாக அவர் தனியாகப் பாட வேண்டும் என்று முடிவானது. அன்றிலிருந்து குழம்பில் உப்பு இருந்தால் காரம் இல்லை, காரம் இருந்தால் குழம்பே இல்லை.

அவர்களுடைய ஒரே மகன் கிளிஃபர்ட். ஒன்பதாம் வகுப்புக்குப் பிறகு பள்ளிக்கூடமும் அவனும் பேசி விலகிக்கொண்டார்கள். பாதரின் இருமலை ரெக்கார்ட் செய்து, கொயர் பெண்கள் வம்பளக்கும் நேரமாகப் பார்த்து வாசல் பக்கம் ஓடவிட்டு, அத்தனை பேரையும் எழுந்து நிற்க வைத்தவன். இந்தக் குறிப்பை எழுதுகிறவனும் அவன்தான். ஆகவே இதில் அவனைப் பற்றி வருவதெல்லாம் நம்பத்தகுந்தது.

கோவிலின் பங்கு மண்டபத்தை ஒட்டினாற்போல ஒரு மாவு மில். ரெக்கார்டிங் அன்று அது கேழ்வரகை அரைத்துக்கொண்டிருந்தது. மதலைமுத்து ஹெட்போனைக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டு கையைத் தூக்கினார். ஜோசஃபின் மைக் முன்னால் கண்ணை மூடி நின்றார். பின்னால் கிளிஃபர்ட் வயரைப் பிடித்துக்கொண்டு நின்றான். மில்லைத் தவிர அந்த மண்டபத்தில் ஈ பறந்த சத்தம்கூட இல்லை என்பதற்கு அவனே சாட்சி. கை இறங்கியது. ஜோசஃபின் பாடினார்.

மறுநாள் அவருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது, காற்றுதான் வந்தது. மதியம் கொயரை நடத்தும் ஐரின் டீச்சர் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"மதலண்ணே, சாயங்காலம் கேசட் போடற சிவாஜிநகர் கடையில குடுத்தாகணும். அக்கா பாட்டு சரியா வரலன்னா சொல்லிடுங்க, என் தங்கச்சி பொண்ணு பாடினது ரெடியா இருக்கு. நான் தப்பா ஒண்ணும் சொல்லலையே?"

"உக்காந்து டீ குடிங்க டீச்சர். கப்பு காலியாகறதுக்குள்ள மில்லு இருந்த இடத்துல புல்லு முளைச்சிருக்கும்" என்றார் மதலைமுத்து.

ரீங்காரத்தை வெட்டினார். உறுமலை அறுத்தார். திருடனைக் காட்டி, பொத்தானை அழுத்தினார். மில் போயே போய்விட்டது. கூடவே ஜோசஃபினும் போயிருந்தார், அங்கங்கே.

"...க்கோல் மணக்குத... செல்வ..." என்றது ஸ்பீக்கர்.

பாட்டு எந்தச் சுரத்தில் தொடங்குகிறதோ அந்தச் சுரம் வருகிற இடமெல்லாம் ஓட்டை. தாலாட்டு என்பதால் ஒவ்வோர் அடியும் அங்கேதான் வந்து படுக்கும். சமையலறை வாசலில் ஜோசஃபின் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றார்.

"மம்மி பாட்டுக்குப் பல்லு விழுந்துடுச்சு" என்றான் கிளிஃபர்ட். வழக்கமாக இதற்குக் கிடைக்கும் அடி கிடைக்கவில்லை. அதுதான் அவனுக்குப் பயமாக இருந்தது.

ஐரின் டீச்சர் கப்பைக் கீழே வைத்தார். "பரவால்லண்ணே. அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்."

"வருஷமெல்லாம் எதுக்கு? இன்னொரு டீ குடிங்க" என்றார் மதலைமுத்து, திரும்பாமலேயே. "வடிகட்டி தானா திருடாது. அதுக்கு யாரோ தப்பான ஆளைக் காட்டிக் குடுத்திருக்காங்க."

ஹெட்போனை மாட்டினார். எல்லோரும் பாட்டைக் கேட்பார்கள். அவர் கழித்துப்போட்ட குப்பையைக் கேட்டார். மில், மில், மில். குப்பைக்கும் ஒரு வடிகட்டி போட்டார். உறுமல் இறங்கியது, ரீங்காரம் அடங்கியது. அடியில் மெல்லிசாக ஏதோ ஒன்று நின்றது. அவர் புருவம் ஏறி, அங்கேயே தங்கிவிட்டது.

பாட்டின் தொடக்கத்தை விட்டுவிட்டுக் கடைசிக்குப் போனார். பாட்டு முடிந்து, கைதட்டல் எழுவதற்கு முன்னால் மண்டபத்திலிருந்த எல்லோரும் சொக்கிப்போய் நின்றிருந்த துண்டு. அதில் மில் மட்டும் சுத்தமாக இருந்தது. அதைத் திருடன் என்று காட்டிப் பொத்தானை அழுத்தினார்.

"வைக்கோல் மணக்குதடா செல்வமே..."

முழுசாக வந்தது. முதல் எழுத்திலிருந்தே வந்தது. ஐரின் டீச்சர் இரண்டு முறை போடச் சொன்னார். கேசட் கடைக்காக அவர் எழுதிக் கொடுத்த சிடியைப் பைக்குள் வைத்துக்கொண்டு, "அக்கா ஆரம்பத்தையே கரெக்டா புடிச்சிருக்காங்களே! ஒத்திகையில ஒரு நாளும் வரலையே!" என்று வியந்தபடி படியிறங்கிப் போனார்.

மதலைமுத்து நாற்காலியோடு திரும்பினார்.

"கிளிஃபி. நேத்து மண்டபத்துல நான் கை தூக்கினப்ப யாராவது சத்தம் போட்டாங்களா?"

"சேச்சே. ஈகூடப் பறக்கல டாடி."

"அப்ப இது யாரு?"

குப்பையிலிருந்து எடுத்த துண்டை ஸ்பீக்கரில் விட்டார். "ம்ம்ம்..." என்றது ஓர் ஆண் குரல், மீசை முளைக்கிற வயசுக் குரல். தாலாட்டின் முதல் சுரம், துளி பிசகாமல்.

"மில்லுக்காரன் டாடி. மாவு அரைக்கறப்ப பாடுவான்."

"மில்லுக்காரன் செவுத்தைத் தாண்டி வந்து உங்கம்மா காதுகிட்ட நின்னா பாடினான்? மைக்குக்கு இவ்ளோ பக்கத்துல? அதுவும் எந்தச் சுரத்துல ஆரம்பிக்கணும்னு தெரிஞ்சுகிட்டு?"

கிளிஃபர்ட் வயரைச் சுற்றுவதில் மும்முரமானான். ஏற்கெனவே சுற்றி வைத்திருந்த வயர்.

சமையலறை வாசலிலிருந்து ஜோசஃபின் வந்து கணவரின் நாற்காலிக்குப் பின்னால் நின்றார். வந்த காற்றையெல்லாம் திரட்டிக்கொண்டு சொன்னார்: "அதை இன்னொரு வாட்டி போடுங்க."

மதலைமுத்து சத்தத்தைக் கூட்டினார்.