அக்காவுக்குப் போட்ட கட்டில்

எதிர்வீட்டு அக்காவுக்கு எங்கள் கட்டடத்தில் ராக்கோழி என்று பெயர். வைத்தது என் வீட்டுக்காரர்தான். ஆஸ்பத்திரிச் சலவைக் கூடத்தில் அவளுக்கு வேலை. இருட்டிய பிறகு கிளம்புவாள். ஊரே வேலைக்கு ஓடுகிற நேரத்தில் எல்லாருக்கும் எதிர்த்திசையில் நடந்து வருவாள். கல்யாணம் ஆகாதவள், தம்பி வீட்டோடு இருக்கிறாள்.

அந்த வீட்டில் அவள் தூங்கி யாரும் பார்த்ததில்லை. தம்பியும் தம்பி மனைவியும் வேலைக்குப் போன பிறகுதான் இவள் வந்து சேர்வாள். அவர்கள் திரும்பும்போது இவள் எழுந்து, குளித்து, சமையலையும் முடித்துவிட்டுக் கிளம்பத் தயாராக நிற்பாள். அக்காவுக்கு நைட் ட்யூட்டி என்று அவர்களுக்குத் தெரியும். நைட் ட்யூட்டிக்காரி பகலில் தூங்க வேண்டும் என்பதுதான் மண்டையில் ஏறவில்லை.

தம்பி மகன் படிப்பை முடித்தான். வீட்டிலிருந்தே பார்க்கிற வேலை கிடைத்தது. காலையிலிருந்து சாயங்காலம் வரை கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து வாடிக்கையாளர்களிடம் பேச வேண்டும். கூடத்தில் உட்கார்ந்தால் குக்கர் சத்தம் கேட்கும். மிச்சம் இருப்பது அக்காவின் அறைதான். அதில் கட்டில் கிடக்க, கதவு பாதிதான் திறக்கும். ஒருக்களித்துத்தான் உள்ளே நுழைய வேண்டும்.

தம்பிக்கு அக்கா என்றால் உயிர். அதை நான் இல்லையென்று சொல்ல மாட்டேன். அறையைக் காலி பண்ணு என்று சொல்ல அவனுக்கு வாய் வராது. போனில் துழாவித் துழாவி, சுவரோடு மடங்குகிற கட்டிலைக் கண்டுபிடித்தான். பகலில் மகனுக்கு மேஜை, ராத்திரியில் அக்காவுக்கு மெத்தை. கடன் வாங்காத குறையாக ஆர்டர் கொடுத்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தச்சர் வந்தார். பாதி வேலையில் அவருடைய ட்ரில் மெஷின் புகைந்து உட்கார்ந்துவிட, எங்களுடையதைக் கேட்டு வந்தார்கள். நான் அதைத் தனியாக அனுப்புவதில்லை. போன தடவை போய்விட்டு, துளைக்கிற முனை தொலைந்து மொட்டையாகத் திரும்பி வந்தது. கூடவே போனேன்.

அக்கா அப்போதுதான் வேலை முடிந்து வந்திருந்தாள். பழைய கட்டிலைப் பழைய சாமான்காரர் எடுத்துக்கொண்டு போய்விட்டார். அது கிடந்த இடத்தில் மட்டும் தரை பளிச்சென்று இருந்தது. "சட்டத்தை ரெண்டு பேர் பிடிங்க" என்றார் தச்சர். ஒரு பக்கம் தம்பி பிடித்தான், மறுபக்கம் அக்கா. ரசமட்டம் வைத்துப் பார்த்து, சுவரைத் துளைத்து, விரல் கனத்துக்கு போல்ட்டுகளை இறக்கினார். சுவர்த்தூளெல்லாம் அக்காவின் தலையில் கொட்டியது.

"நல்லாக் கேட்டுக்கங்க" என்றார் தச்சர். "மேல தூக்கினா அடியில மேஜை விரியும். கீழ இறக்கினா மேஜை மடங்கிக் கட்டில் ஆயிடும். ரெண்டும் ஒண்ணா வராது. மேஜையில ஆள் இருந்தா கட்டில் இல்ல."

நான் அக்காவைப் பார்த்தேன். அவள் துடைப்பத்தை எடுத்துத் தூளைப் பெருக்கினாள்.

தம்பி மனைவி மெத்தைமேல் பூப்போட்ட புது விரிப்பை விரித்தாள். "அக்கா, முதல்ல நீதான் படுத்துப் பாக்கணும்" என்றான் தம்பி. வேண்டாம் என்றவளைக் கையைப் பிடித்துப் படுக்க வைத்தான். தலையை வைத்ததுதான் தெரியும், குறட்டை வந்துவிட்டது.

"பாத்தீங்களா! படுத்ததும் தூங்கிட்டா. மெத்தை அப்படி!" தம்பிக்கு வாயெல்லாம் பல். ராத்திரி முழுக்க ஈரத்துணி தூக்கியவளை நடுத்தெருவில் கிடத்தினாலும் தூங்குவாளடா என்று எனக்கு வாய் வரைக்கும் வந்தது. அதற்குள் தச்சர், "தூக்கணும், மேஜைக்குக் கீல் பாக்கி" என்றார். தம்பி அவள் தோளைத் தொட்டு எழுப்பினான். எங்கே இருக்கிறோம் என்று தெரியாதவள் மாதிரி அக்கா சுற்றுமுற்றும் பார்த்தாள். தம்பி மனைவி விரிப்பை இழுத்துச் சரி செய்தாள்.

மறுநாள் காலை அக்கா வந்தபோது மேஜை விரிந்திருந்தது. மகன் காதில் மாட்டிக்கொண்டு பேசிக்கொண்டிருந்தான். உள்ளே வராதே என்று கையைக் காட்டினான். அவனுக்கு விஷயம் புரியாமல் இருக்காது. காதில் மாட்டிக்கொண்டால் எல்லாமே கேட்காமல் போய்விடுகிறது.

தம்பி மனைவி தன் அறையைப் பூட்டிக்கொண்டு போவாள். அது அவள் பழக்கம், மனதில் எதையும் வைத்துக்கொண்டு அல்ல. தரையில் படுக்க அக்காவின் முழங்கால் விடாது. கூடத்து சோபாவில் முடங்கினால் பார்சல்காரர் மணியடிப்பார். லீவு ராத்திரிகளில் கட்டில் அவளுடையதுதான். ஆனால் இத்தனை வருஷமாக ராத்திரி விழித்த கண், மெத்தையைக் கண்டதும் மூடிவிடுமா? இரண்டு தடவை இறக்கிவைத்து, ஓரத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, அதையும் விட்டுவிட்டாள். பகல் வேலைக்கு மாற்றிக் கேட்டாள். பகலுக்குப் போதுமான ஆள் இருக்கிறது என்று சூப்பர்வைசர் கையை விரித்துவிட்டார்.

நின்றபடியே கண் செருகியதில் ஒருநாள் இஸ்திரி உருளையில் கையைச் சுட்டுக்கொண்டு வந்தாள். எனக்குத் தாங்கவில்லை.

"உன் தம்பிகிட்ட நான் பேசறேன். அதுவரைக்கும் எங்க வீட்ல வந்து படு."

"எதிர்வீட்ல போய்ப் படுத்தா அவனுக்குத்தான் அசிங்கம்."

"அப்ப சொல்லியே ஆகணும்."

சுடாத கையால் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "சொல்லாதடி. சொன்னா அவன் யோசிப்பான். யோசிச்சா, நானா அவன் பையனான்னு வந்து நிக்கும். என்ன சொல்லுவான்னு எனக்குத் தெரியும். இப்ப அவன் அதை யோசிக்கவே இல்ல. என்மேல பிரியமா இருக்கான். அப்படியே இருந்துட்டுப் போகட்டும்."

"அப்ப நீ எங்க தூங்குவ, அக்கா?"

"பழகிடும்" என்றாள். எனக்கு அழுகை வந்தது. கோபமும் வந்தது. யார்மேல் கோபப்படுவது என்றுதான் தெரியவில்லை.

போன வாரம் அவர்கள் வீட்டுக்கு விருந்தாளிகள் வந்தார்கள். தம்பி என்னையும் கூப்பிட்டான். எல்லாரையும் அந்த அறைக்குள் அழைத்துப் போய், இரண்டு விரலால் கட்டிலை இறக்கிக் காட்டினான். "எங்க அக்காவுக்காகவே போட்டது" என்றான். அதே பூப்போட்ட விரிப்பு. முதல் நாள் மடிப்புக்கோடுகூட இன்னும் போகவில்லை.

விரிப்பைக் கையால் தடவிக்கொடுத்தான் தம்பி. "எங்க அக்கா எவ்வளவு சுத்தம் பாருங்க. படுத்து எழுந்த சுவடே தெரியாது."

கட்டுப்போட்ட கையில் காபித் தட்டைத் தாங்கிக்கொண்டு அக்கா வாசலில் நின்றிருந்தாள். எல்லாரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் சிரித்தாள்.