மாமன் மடியில் போட்ட மொட்டை

எனக்கு எழுபத்திநாலு வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியவள். எழுத்துக்கூட்டித்தான் எழுதுகிறேன். ஆனாலும் இதை நானேதான் எழுத வேண்டும். கோபம் என்னுடையது.

என் மகள் வயிற்றுப் பேத்திக்கு ஆட்டிசம். ஆறு வயதாகியும் பேச்சில்லை. தலையில் யார் கை பட்டாலும் தரையில் விழுந்து அலறுவாள். ஸ்ரீவைகுண்டத்திலிருந்து பஸ் ஏறிப் பாளையங்கோட்டைக்குப் பயிற்சிக்குக் கூட்டிப்போவோம், மகளும் நானும். போகும்போதெல்லாம் டீச்சர் கேட்பார்: "ஆச்சி, இந்த வாரம் எதுவரைக்கும் தொட விட்டா?" தோள் என்போம். சில மாதம் கழித்துக் காது என்றோம். ஒருநாள் உச்சியில் எண்ணெய் வைக்க விட்டாள்! டீச்சர் அதைக் குறித்துக்கொண்டார். பைய போவோம், கத்திரி கித்திரி எதுவும் இப்போது பக்கத்தில் வரக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்.

அந்த மாசமே வாழைப்பழத்தைப் பார்த்து "தா" என்றாள். வீடே அழுதது.

அதுவே வினையாகவும் போயிற்று. பிள்ளை ஒரு வார்த்தை பேசிவிட்டால் மொட்டை போடுவதாக அவள் தாய்மாமன், என் மகன், சாஸ்தாவுக்கு நேர்ந்திருந்தானாம். பங்குனி உத்திரத்துக்குக் கோயிலில் போய்த்தான் சொல்கிறான். வேண்டாம் அண்ணே, டீச்சர் சொல்லியிருக்காங்க என்று என் மகள் கெஞ்சினாள்.

"சாமி காரியத்துல டீச்சருக்கு என்ன சோலி?"

மொட்டை என்றால் மாமன் மடியில் வைத்துத்தான். அவளுக்கும் அந்த மடி என்றால் உயிர். கூப்பிட்டதும் தானாகப் போய் உட்கார்ந்தாள். தலையில் தண்ணீர் பட்டதும் திமிறினாள். இவன் இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தான்.

"விடுலே! சாமி வந்து உங்கிட்ட முடி கேட்டுச்சாலே?" என்று கத்தினேன்.

"செத்த பொறும்மா, முடிஞ்சிரும்."

சவரம் செய்கிறவர் தலையிலிருந்து கத்தியை எடுத்துவிட்டார். "அண்ணாச்சி, பிள்ளைக்கு மூச்சு முட்டுது."

"நீரு வேலயப் பாரும் வே!"

பார்த்தார். முடிந்தது.

மறுவாரம் டீச்சர் கேட்டபோது நடந்ததைச் சொன்னோம். தோளைத் தொட்டாலே அலறுகிறாள். "தா"வும் போய்விட்டது. டீச்சர் எங்களை ஒரு வார்த்தை திட்டவில்லை. "முதல்லேருந்து வருவோம் ஆச்சி" என்றார். திட்டியிருந்தால்கூட எனக்கு ஆறியிருக்கும்.

முடி வளர்ந்துவிட்டது. தொட விடுவதில் தோள்வரை திரும்பி வந்திருக்கிறோம். என் மகன் வாராவாரம் வந்து வாசலில் உட்காருகிறான், கண்ணைத் துடைத்துக்கொள்கிறான். அவள் அவன் முகத்தைப் பார்ப்பதில்லை. கைகள் இரண்டையுமே பார்த்துக்கொண்டு நிற்பாள். அவை அசைந்தால் உள்ளே ஓடிவிடுவாள். அந்தக் கைகள் மன்னிப்புக் கேட்க வந்திருப்பது அவளுக்கு விளங்காது. விளங்க வைக்க நானும் போகமாட்டேன்.

ஏட்டி, அவன்கூட வந்திருக்கியே, நீ அவன் பெத்த மக. வா, இதை வாசி. சத்தமா வாசி. வாசல்ல இருக்கிற உங்க அப்பன் காதுல விழட்டும்.