நங்கூரம் கரையில் கிடந்தது

"பெயின்ட்டப் பாத்து வாங்குறதுக்கு அது என்ன பீரோவா? அடியப் பாக்கணும்டி, அடிய!"

"அடியப் பாத்துப் பாத்தே வந்த படகையெல்லாம் வேணாம்னுட்டீங்க. இதையும் வேணாம்னா? மறுபடி கப்பலா?"

"ஆமா, கப்பல்தான்!"

"போங்க! பொண்டாட்டின்னு ஒருத்தி இருந்தாளேன்னு என்னைக்காவது ஞாபகம் வந்தா எட்டிப் பாருங்க!"

ஒரு பாத்திரம் விழுந்தது. தானாக விழுந்ததற்கும் எறிந்ததற்கும் சத்தத்திலேயே வித்தியாசம் தெரியும். இது எறிந்தது.

சுவரில் டம்ளரை வைத்து ஒட்டுக் கேட்கிறவள் என்று தெருவில் என்னைப் பற்றிப் பேச்சு. அபாண்டம். எங்கள் இரண்டு வீட்டுக்கும் ஒரே பொதுச் சுவர். அங்கே கொட்டாவி விட்டால் இங்கே கேட்கும். டம்ளர் எதற்கு? எந்த விஷயத்துக்கும் கண், காது, மூக்கு வைத்துப் பேசுகிறவள்தான் நான். ஆனால் இதற்கு வைக்கவில்லை. இது நடந்தது. நானும் கூட இருந்தேன்.

பக்கத்து வீட்டுக்காரனுக்குக் கொக்கு என்று பேர். ஒல்லி, உயரம், எந்நேரமும் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நிற்பான். கப்பல் வேலைக்குப் போனால் வருஷக்கணக்கில் வரமாட்டான். சொந்தமாக ஒரு பழைய மீன்பிடிப் படகு இருந்தால் தினம் வீடு திரும்பிவிடுவான். அவன் மனைவிக்கு வேண்டியது அவ்வளவுதான். அவர்கள் கைக்கு எட்டுகிற படகு இனி இது ஒன்றுதான்.

"நீங்களும் வாங்கக்கா" என்றாள். கூப்பிடாவிட்டாலும் போயிருப்பேன்.

பட்டப்பகல். படகுத்துறையில் ஓர் இன்ஜின் மெக்கானிக் நின்றிருந்தான். அவன்தான் விற்கிறவன். ஃபைபர் படகு. புது நீலப் பெயின்ட். உட்கார மூன்று பலகைகள்.

"முன்னாடி யாரோடது?" என்றேன்.

"ஒரு குடும்பம் ஓட்டுச்சு."

"இப்ப எங்க அவங்க?"

"இல்ல."

என்னிடமே வாயைத் திறக்காத மனிதனை அன்றுதான் பார்த்தேன்.

கொக்கு குனிந்து பார்த்தான். "ஆளே ஏறல. ஏன் இப்படி அமுங்கி நிக்குது?"

"உள்ள தண்ணி ஊறியிருக்கும். காயவெச்சா சரியாயிடும்."

பாரம் குறையட்டும் என்று கொக்கு நங்கூரத்தைக் கயிற்றோடு தூக்கிக் கரையில் போட்டான். படகு ஒரு விரல்கூட உயரவில்லை.

நாங்கள் மூன்று பேரும் ஏறினோம். மெக்கானிக் ஏறவில்லை. கிளம்பும்போது கொக்கின் மனைவியிடம் மட்டும் சொன்னான்: "அடியில தட்டுற மாதிரி கேட்டா கண்டுக்காதீங்கம்மா. நங்கூரம் உருளும்."

கடல் தட்டு மாதிரி கிடந்தது. கரை சின்னதானதும் கொக்கு இன்ஜினை நிறுத்தினான். எங்கேயாவது ஒழுகுகிறதா என்று காது கொடுத்தான்.

அப்போதுதான்...

டொக்... டொக்... டொக்.

காலடியில்.

"நங்கூரம்தான்" என்றாள் அவள்.

நான் தேடினேன். பிறகு ஞாபகம் வந்தது. நங்கூரம் கரையில் கிடந்தது.

டொக்... டொக்... டொக்.

விரல் முட்டியால் கதவைத் தட்டுவோமே, அப்படி.

எங்கள் பக்கத்துப் படகுக்காரர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. மூடுபனியில் ஆபத்து என்றால் படகின் விளிம்பில் மூன்று தட்டு. அதைக் கேட்டவன் திருப்பி மூன்று தட்ட வேண்டும். 'இடம் இருக்கு, ஏறிக்கோ' என்று அர்த்தம். யோசித்துச் செய்வதில்லை, கை தானாகப் போகும்.

கொக்கின் கை போயிற்று.

"ஏங்க, வேணா..."

தட்டிவிட்டான். மூன்று.

அடியில் சத்தம் நின்றது.

படகு ஒரு பக்கம் சாய்ந்தது. யாரோ விளிம்பைப் பிடித்து ஏறுவதுபோல. நிமிர்ந்தது.

மறுபடி சாய்ந்தது. நிமிர்ந்தது.

மூன்றாவதும் சாய்ந்தது...

கொஞ்சமாகத்தான். குழந்தை ஏறினால் சாயுமே, அவ்வளவு.

என் பலகையில், எனக்குப் பக்கத்தில், வெயிலில் காய்ந்த இடம் ஈரமானது.

திரும்பும்போது இன்ஜின் திணறியது.

கரையில் இறங்கினோம். படகு குபுக்கென்று மேலே எழும்பியது. காலி டப்பா மாதிரி ஆடியது. அதைப் பார்த்த மெக்கானிக்கின் முகம் தெளிந்தது. "அப்பாடா..." என்றான், மெல்ல. எங்களைப் பார்த்துச் சொல்லவில்லை. எங்களுக்குப் பின்னால் பார்த்துச் சொன்னான்.

"வேணாம்" என்றான் கொக்கு. அவள் சண்டை போடவில்லை. அன்று அந்த வீட்டில் பாத்திரம்கூட விழவில்லை.

அதற்குப் பதிலாகச் சுவரில் கேட்டது. டொக்... டொக்... டொக்.

காலையில் அவள் வாசலில் நின்றாள். "சுவரத் தட்டினீங்களாக்கா?"

"நீ தட்டலையா?"

இருவரும் அதற்குமேல் பேசவில்லை. நான் பேச்சை நிறுத்தினேன் என்றால் விஷயம் எப்படி என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கொக்கு கப்பலுக்குப் போய்விட்டான்.

படகின் கதை பிறகுதான் தெரிந்தது, துறையில் ஐஸ் விற்கிறவள் சொல்லி. அப்பா, அம்மா, குழந்தை. படகு கவிழ்ந்துவிட்டது. கவிழ்ந்தபடியே அதைக் கட்டி இழுத்து வந்தவன் அந்த மெக்கானிக். வழியெல்லாம் அடியில் தட்டுகிற சத்தம் கேட்டதாம். நங்கூரம் உருளுகிறது என்று இழுத்துக்கொண்டே வந்தானாம். துறைக்கு வந்து நிமிர்த்திப் பார்த்தால்... மூன்று பேரின் உடம்பும் இன்னும் சூடாக இருந்ததாம். விரல் முட்டிகளில் தோல் இல்லையாம்.

படகை அடுத்த வாரமே வேறு யாரோ வாங்கிக்கொண்டார்கள். லேசாக, அருமையாக ஓடுகிறதாம்.

கொக்கின் மனைவி தங்கை வீட்டோடு போய்விட்டாள். கப்பலிலிருந்து அவனைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. பக்கத்து வீட்டுக்கு யாரும் குடிவரவில்லை. சுவரில் மட்டும் தினம் கேட்கிறது. நான் பதிலுக்குத் தட்டுவதில்லை.

என் மகளுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. நல்ல பையன். வீட்டோடு மாப்பிள்ளையாக இருக்கச் சம்மதித்தார். நேற்று சாப்பிட்டுவிட்டு அந்தச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் எதிரே கட்டிலில்.

டொக்... டொக்... டொக்.

மாப்பிள்ளைக்கும் படகில்தான் வேலை. போனிலிருந்து கண்ணை எடுக்காமலே, கையைப் பின்னால் கொண்டுபோய்த் தட்டினார்.

மூன்று.

என் கட்டில் ஒரு பக்கம் அமுங்கியது. பிறகு மறுபக்கம். பிறகு என் மடியருகே...

கொஞ்சமாக.